முதல் வரியில் எழுதிய பெயர்

1

கடந்த பங்குனியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பொலிஸ் வாகனம் ஒன்று என் மகளை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியது. மதுராவுக்கு வயது பதினேழு. அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் பொலிஸ் அதிகாரி நின்றார். அவர் கையில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், நான் வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்த நீல மட்டைக் கொப்பி இருந்தது.

மதுரா பிழை ஒன்றும் செய்யவில்லை. பிழை செய்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ஊரில் உங்கள் பக்கம் இந்தக் கதை வேறு மாதிரி வந்து சேர்ந்திருக்கிறது. சுவிசில் பிள்ளை பொய்ப் பெயர் எழுதிக் காசு சேர்த்துப் பிடிபட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டு என் சின்னம்மா தொலைபேசியில் அழுதார். அவருக்கு விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் எடுத்தது. எல்லோருக்கும் ஒவ்வொரு மணித்தியாலம் செலவழிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது லுசேர்ன் பக்கத்தில், எம்மன்புரூக்கேயிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளி உள்ள ஒரு சிறிய ஊர். என் கணவர் எம்மன்புரூக்கேயில் ஒரு தொழிற்சாலையில் சிஃப்ட் வேலை செய்கிறார். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். இங்கே வருவதற்கு முன் கிளிநொச்சியில் இரண்டு வருடம் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்தேன். ஆகவே கொப்பியில் கோடு போடுவதும் தலைப்பு எழுதுவதும் என் கைக்குப் பழக்கமான வேலை. அந்தப் பழக்கம்தான் வினையாகப் போனது.

அந்த நேரத்தில் மதுராவின் குடியுரிமை விண்ணப்பம் எங்கள் ஊர்ச்சபை அலுவலகத்தில் கிடந்தது. இங்கே அந்த அலுவலகத்தைக் கெமைண்டே என்பார்கள். இந்த நாட்டில் பிறந்தது மட்டும் ஒரு பிள்ளையை இந்த நாட்டுப் பிள்ளை ஆக்காது. விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் தெரிவான ஒரு குழு நேரில் கூப்பிட்டு விசாரிக்கும். பொலிசில் ஏதாவது பதிவு இருந்தால் கோப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். மதுரா விண்ணப்பித்ததற்குக் காரணம் அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வந்த ஒரு வகுப்புச் சுற்றுலா. லண்டனுக்கு எல்லோரும் போனார்கள். இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா நேரத்துக்கு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து படித்தாள். திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சொக்கலேட்டைச் சிரித்துக்கொண்டே வாங்கியதாகச் சொன்னாள். பிறகு தானே இணையத்தில் தேடி, தானே படிவம் நிரப்பி, எங்கள் கையொப்பத்துக்கு மட்டும் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

கோடைக்குப் பிறகு நேர்காணலுக்குக் கூப்பிடுவோம் என்று கடிதம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வாசலில் பொலிஸ்.

2

கொப்பியின் கதை கிளிநொச்சியில் தொடங்குகிறது.

போன வருட விடுமுறைக்கு என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். தம்பிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர் முடிகிற நாட்களில் போனது. செயற்கைக் கால் போட்டுத்தான் நடக்கிறான், மோட்டார் சைக்கிளும் ஓடுகிறான். மதுரா இங்கே ஆஸ்பத்திரியில் தாதியர் உதவிக்கான தொழிற்பயிற்சியில் இருக்கிறாள். அவளுடைய கண் அந்தக் காலை விட்டு நகரவில்லை.

"மாமா, இது உங்கட அளவில்லை."

"அளவாத்தான் இருந்தது பிள்ளை. என்ர கால்தான் மெலிஞ்சு போச்சு. துணி வைச்சுக் கட்டுறன்."

புதுக் கால் ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, அடுப்புப் பழுது என்றான். அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். அடுத்த நாள் தம்பி எங்களைக் கால் செய்கிற பட்டறைக்குக் கூட்டிப்போனான். தடித்த பிளாஸ்டிக் தகட்டைப் பெரிய மின்சார அடுப்பில் வைத்து இளக்கி, வெந்த தோசை மாதிரி இரண்டு பேர் தூக்கிவந்து, சாந்தில் செய்த கால் அச்சின் மேல் போர்த்துவார்கள். ஆறினால் அது கால். அடுப்பு நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. சுவரோரம் அச்சுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் பென்சிலால் எழுதியிருந்தது. தம்பியின் பெயரும் இருந்தது.

திரும்பி வந்த பிறகு மதுரா அதையே கதைத்துக்கொண்டிருந்தாள். நான் தமிழில் கேட்டால் சுவிஸ் ஜெர்மனில் பதில் சொல்கிறவள், எட்டாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளிக்கூடம் போதும் என்று நின்றவள், ஊர்க் கதை எடுத்தால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் போகிறவள், இப்போது சாப்பாட்டு மேசையில் அடுப்பின் வெப்பநிலையைப் பற்றிக் கதைத்தாள். வீடு வீடாகப் போய்க் காசு சேர்த்து அடுப்பைத் திருத்திக் கொடுப்போம் என்றாள். எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பார் என்றார் கணவர்.

"ஏன் எங்கட ஆக்களிட்ட மட்டும்? இந்த ரோட்டில இருக்கிற எல்லாரையும் கேப்பம்," என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் சந்தோசம். அந்தச் சந்தோசத்தில்தான் கொப்பி வாங்கினேன். பெயர், வீட்டு இலக்கம், தொகை, கையொப்பம் என்று நாலு நிரல் கோடு போட்டேன்.

அனுமதி வேண்டும் என்ற எண்ணம் எங்கள் மூன்று பேருக்கும் வரவில்லை. போர் நடந்த வருடங்களில் இங்கேயும் எத்தனையோ பேர் வீட்டு மணியை அடித்துக் காசு கேட்டிருக்கிறார்கள். கோயிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வேறு பலதுக்கும். வந்தவர்களை உள்ளே இருத்தித் தேத்தண்ணி கொடுப்போம். பத்திரம் கேட்டதில்லை. கேட்டால் அது அவமரியாதை.

ஊரில் எங்கள் அப்பா வாசிகசாலைச் செயலாளர். பள்ளிக்கூடத்துக்குக் கிணறு என்றாலும் கோயிலுக்கு மதில் என்றாலும் அவர்தான் கொப்பியோடு வெளிக்கிடுவார். வெளிக்கிடும்போது முதல் வரி வெறுமையாக இருக்காது. எங்கள் ஊர் டாக்குத்தர் ஐயாவின் பெயர் அதில் இருக்கும், ஒரு நல்ல தொகையோடு. ஐயா அந்த நேரம் கொழும்பில் நின்றாலும் அப்பா எழுதிவிடுவார். வந்தவுடன் ஐயா கொடுத்துவிடுவார். ஒரு தடவையும் பிசகியதில்லை. முதல் வரியைப் பார்த்துத்தான் இரண்டாவது வீடு தன் தொகையைத் தீர்மானிக்கும்.

எங்கள் கட்டடத்தில் டாக்குத்தர் இல்லை. கீழ்த்தளத்தில் ஃப்ராவ் கெல்லர், அதாவது திருமதி கெல்லர், இருக்கிறார். ஓய்வுபெற்ற தபால்கந்தோர் அதிகாரி. சலவை இயந்திரத்தை யார் எந்த நாள் பாவிப்பது என்று பட்டியல் போடுவது முதல், பனிக்காலத்தில் படிக்கட்டுக்கு உப்புத் தூவ ஆள் பிடிப்பது வரை அவர்தான். தெரு முழுக்க அவரைத் தெரியும். கொப்பியில் எழுதுவதற்கு மூன்று நாளைக்கு முன் படிக்கட்டில் சந்தித்தபோது மதுராவின் திட்டத்தைச் சொன்னேன். மிக நல்ல விசயம், நானும் விருப்பத்தோடு தருவேன் என்றார்.

தருவேன் என்று சொன்னவர் தந்துவிட்டார் என்றுதான் எங்கள் ஊர் வழக்கம். முதல் வரியில் ஃப்ராவ் கெல்லரின் பெயரை எழுதி நூறு பிராங்க் என்று போட்டேன். பெயருக்கு ஒரு குறைச்சலும் வரக்கூடாது என்று அழகாக எழுதினேன். அது பொய் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. மதுராவிடம் சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர் தந்துவிட்டார் என்றே அவள் நினைத்துக்கொண்டு போனாள்.

3

நடந்ததை மதுரா பிறகு சொன்னாள்.

எட்டு வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்று வீட்டில் கதவு திறக்கவில்லை, இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள், மூன்று வீட்டில் எழுதினார்கள். ஒன்பதாவது, எதிர்க் கட்டடத்தில் ஹெர், அதாவது திரு ஓடர்மாத் என்பவரின் வீடு. அவர் கொப்பியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து வாசித்தார். ஃப்ராவ் கெல்லரைத் தனக்குத் தெரியும் என்றார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லி, கதிரை கொடுத்து, ஒரு கிளாஸ் தண்ணியும் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தொலைபேசி எடுத்தார். நூறு பிராங்க் கொடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை, இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை என்று ஃப்ராவ் கெல்லர் சொல்லியிருக்கிறார். அவர் வேறு என்ன சொல்வார், உண்மை அதுதானே. மதுரா தண்ணியைக் குடித்து முடிக்க முன் பொலிஸ் வந்துவிட்டது.

பொலிஸ் கேட்டது இரண்டு கேள்வி. வீடு வீடாகக் காசு சேர்க்க அனுமதி இருக்கிறதா. இல்லை என்றாள். முதல் வரியை எழுதியது யார். அதற்கு அவள் வாய் திறக்கவில்லை. பொலிஸ் நிலையத்தில் இருந்த இரண்டு மணித்தியாலமும் திறக்கவில்லை.

இனி நான் சொல்ல விரும்பாத பகுதி. வாசலில் அந்த அதிகாரி உறைக்குள் இருந்த கொப்பியை என் முகத்துக்கு நேரே உயர்த்தி, மரியாதையாக, இந்தக் கையெழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. சீருடையைக் கண்டால் முதலில் மறுத்துவிடுகிற ஒரு பழக்கம் எங்கள் தலைமுறைக்குள் இருக்கிறது. அது எங்களைப் பல இடங்களில் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் இங்கே என் பக்கத்தில் மகள் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். வாசல் மணி அடித்தால் இன்றைக்கும் நான் திடுக்கிட்டுத்தான் எழும்புகிறேன்.

அறிக்கை எழுதப்படும், பிறகு அறிவிப்போம் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். கணவர் கதவைச் சாத்திவிட்டு, ஒருவரும் ஒன்றும் செய்யவேண்டாம் என்றார். சின்னப் பிள்ளை என்று விட்டுவிடுவார்கள், நான் போய் வாயைத் திறந்தால் இரண்டு பேருடைய பெயரும் கெட்டுவிடும் என்பது அவருடைய கணக்கு.

"என்ர பேர் ஏற்கனவே கெட்டுப் போச்சு அப்பா," என்றாள் மதுரா. பிறகு என்னிடம் திரும்பினாள். "ஏனம்மா தெரியாது எண்டனீங்கள்?"

"பயத்தில வந்திட்டுது பிள்ளை."

"எனக்கும் பயம்தான். நான் பேசாமல்தான் இருந்தனான். பொய் சொல்லேல்லை."

அதோடு அறைக்குள் போனாள். அந்த வாரம் அவள் என்னோடு கதைத்ததெல்லாம் பால் முடிந்துவிட்டது, பஸ் பிந்தும் என்ற மாதிரியான வசனங்கள். அவையும் சுவிஸ் ஜெர்மனில்.

4

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டு மணியை அடிப்பது இங்கே அழகில்லை. திங்கள் மாலைவரை பொறுத்து ஃப்ராவ் கெல்லரிடம் போனேன். ஒரு தட்டில் கடலை வடை எடுத்துக்கொண்டு போகத்தான் முதலில் வெளிக்கிட்டேன்.

"வடையை வைச்சிட்டுப் போ," என்றார் கணவர். "இருக்கிற வழக்குப் போதும், லஞ்சமும் எண்டு சேர்க்கப்போகினம்."

வெறுங்கையோடு போனேன். ஃப்ராவ் கெல்லர் உள்ளே வரச் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் திரட்டி, எழுதியது நான், மகளுக்குத் தெரியாது, எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம் என்று சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். தருவேன் என்று தான் சொன்னது உண்மை என்றார். நூறு என்று சொல்லவில்லை, இருபது தருவதாகத்தான் இருந்தேன் என்றார்.

அதோடு அவர் விடவில்லை. என் பெயரைப் பார்த்து மற்றவர்கள் கூடுதலாகத் தர வேண்டும் என்றுதான் எழுதினீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். ஜெர்மனில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொன்னது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவருக்கு விளங்கிவிட்டது. அப்படியென்றால் அது அவர்களாகத் தருவது இல்லையே என்றார்.

அவர் கோபத்தில் சொன்னார். ஆனால் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் அப்பாவோடு பேனை பிடித்துக்கொண்டு போன ஒரு நாள், பள்ளிக் கிணற்றுக்கு. தனியே இரண்டு பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண், கொப்பியை வாங்கி மேலே இருந்த தொகைகளைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லிவிட்டுப் பின்பக்க வேலியால் அடுத்த வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து, மேல் வரியில் இருந்த அதே தொகையைத் தந்தாள். எவ்வளவு நல்ல மனம் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் அப்படித்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவள் எங்கே போய் வாங்கினாள், எப்படித் திருப்பிக் கொடுத்தாள் என்று ஃப்ராவ் கெல்லரின் வரவேற்பறையில் நின்றபோதுதான் முதல்தடவை யோசித்தேன். அப்பா நல்ல மனிதர். அந்தக் கொப்பி அவ்வளவு நல்லதில்லை.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வேண்டாம் வேண்டாம் என்று நின்ற கணவர் சிஃப்டை மாற்றிக்கொண்டு கூட வந்தார். பஸ்ஸில் என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அங்கே பதற்றத்தில் அதிகாரியை நான் சின்னப் பிள்ளைகளோடு கதைக்கிற மாதிரி, நீ, உனக்கு என்று கூப்பிட்டுவிட்டேன். இல்லத்தில் வேலைசெய்கிறவர்களோடு அப்படித்தான் கதைத்துப் பழக்கம். அவர் ஒரு தடவை புருவத்தை உயர்த்தினார், அவ்வளவுதான். அது என் கையெழுத்து, அன்றைக்கு வாசலில் நான் சொன்னது பொய் என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளைத் தந்து அந்தப் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். அதே அழகான எழுத்து. தாளையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

கொப்பியில் எழுதிய மூன்று வீட்டாருக்கும் நானே போய்க் காசைத் திருப்பிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வர வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அனுமதியின்றிச் சேர்க்கவைத்ததற்கு என் பெயரில் அபராதம். ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகக் கருதவில்லை என்று ஒரு வரி. மதுராவின் பெயர் கடிதத்தில் எங்கும் இல்லை. அபராதத்தைக் கட்டிய துண்டைச் சமையலறை மேசையில் வைத்தேன். மதுரா எடுத்து வாசித்தாள்.

"இனி அடுப்புக்கு என்னம்மா செய்யிறது?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

5

கெமைண்டேயில் அனுமதி எடுத்துச் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம். கணவர் தலையில் கைவைத்தார். குடியுரிமைக் கோப்பு இருக்கிற அதே கட்டடம், அதே மாடி. பிரச்சினைப்பட்ட அதே விசயத்துக்கு நாங்களே போய்ப் பெயரைக் கொடுப்பதா என்றார். ஒளித்தால்தான் அது பிரச்சினை என்றேன். இப்படி உறுதியாக நான் கதைத்து எனக்கே ஞாபகம் இல்லை.

படிவம் நாலு பக்கம். யாருக்காக, எதற்காக, எந்தத் தெருக்கள், எந்த நாட்கள், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, யார் பொறுப்பு. பொறுப்பாளர் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். என் பெயரை எழுதச் சொன்னேன். பயன்பெறுவோரில் உறவினர் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி. மதுராவின் பேனை அந்த இடத்தில் நின்றது. எழுது, மாமாவின் பெயரை எழுது என்றேன்.

பட்டறையிலிருந்து ஒரு கடிதமும் வேண்டும் என்றார்கள். தம்பி அனுப்பிவைத்தான். எங்கள் ஊர்க் கடிதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று ரப்பர் முத்திரை, இரண்டு கையொப்பம், முதல் பந்தி முழுக்க நன்றி, அடுப்பு என்ற சொல் கடைசிப் பந்தியில். அலுவலகத்தில் இருந்த இளைஞர் முத்திரைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு முத்திரையோடு ஒரு கடிதத்தை அவர் கண்டதில்லையாம். பிறகு கணினியில் என் பெயரைத் தட்டினார். தட்டியவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அபராதம் கட்டியவள் நான்தான் என்று நானே சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்த அபராதத்துக்காக மறுக்க முடியாது என்றும், ஆனால் நிபந்தனை இருக்கும் என்றும் சொன்னார். பூட்டி முத்திரையிட்ட பெட்டியில்தான் சேர்க்க வேண்டும். படத்தோடு அட்டை தொங்கவிட வேண்டும். பெயர்ப் பட்டியல் எந்த வடிவத்திலும் கொண்டுபோகக் கூடாது. ஒருவர் எவ்வளவு தருகிறார் என்பது மற்றவருக்குத் தெரியக்கூடாது. முடிந்ததும் பெட்டியை அங்கே கொண்டுவந்து அவர்கள் முன்னால் திறக்க வேண்டும்.

ஏழு வாரத்தில் அனுமதி வந்தது, ஆனியில் இரண்டு சனிக்கிழமைகள். இரண்டு நாளும் நானும் போனேன்.

பெட்டியால் எங்கள் ஆட்களிடம்தான் பெரிய சிக்கல். பக்கத்துத் தெருவில் இருக்கிற யோகன் அண்ணை எங்கள் கையைப் பார்த்தார்.

"எங்கை கொப்பி?"

"கொப்பி இல்லை அண்ணை. இதுக்குள்ள போடுங்கோ."

"பேர் எழுத மாட்டீங்களோ?"

"எழுதக் கூடாது எண்டு நிபந்தனை."

"அப்ப நான் குடுத்தது ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்தானே மாமா," என்றாள் மதுரா.

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "அப்ப அவர் அஞ்சுதான் போடுவார் பிள்ளை. பெட்டியைக் கிட்டப் பிடிச்சு நல்லாப் பார்."

அண்ணை சிரித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பணத்தை மடித்துப் போட்டார். எவ்வளவு என்று இன்றுவரை தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது.

ஃப்ராவ் கெல்லர் கதவைத் திறந்தார், போட்டார், நல்ல நாளாகட்டும் என்றார். பழைய மாதிரி இன்னும் சிரிப்பதில்லை. அதற்குக் காலம் எடுக்கும், எடுக்கட்டும்.

ஹெர் ஓடர்மாத்தின் மணியை மதுராதான் அடித்தாள். வேண்டாம், விடு என்றேன். அனுமதியில் இந்தத் தெருவும் இருக்கிறது என்று சொல்லி அடித்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு, அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து, மதுராவைப் பார்த்து, என்னைப் பார்த்து, அனுமதிப் பத்திரத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு, தான் வழமையாக வேறொரு அமைப்புக்குக் கொடுப்பதாகச் சொல்லி ஒன்றும் போடாமல் மரியாதையாகக் கதவைச் சாத்தினார். படிக்கட்டில் மதுரா சிரித்த சிரிப்பில் என்னாலும் அடக்க முடியவில்லை.

சேர்ந்த காசு புது அடுப்புக்குக் காணாது. பழைய அடுப்புக்கு வெப்பச் சுருளும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மாற்றப் போதுமாக இருந்தது. அது இப்போது வேலை செய்கிறது. தம்பிக்கு முறை வரவில்லை. தனக்கு முன் ஒன்பது அச்சு நிற்பதாகவும், அக்கா வெளிநாட்டில் காசு சேர்த்தவள் என்பதற்காகத் தன்னை முன்னுக்கு விடவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னான்.

6

நேர்காணல் ஐப்பசியில் வந்தது. நான் வெளியே ஒரு மர வாங்கில் இருந்தேன். உள்ளே ஐந்து பேர். முதல் நாள் மதுராவிடம் ஒன்று மட்டும் சொல்லியிருந்தேன். பங்குனிச் சம்பவத்தைப் பற்றிக் கேட்டால், எழுதியது அம்மா என்று சொல்லு, என்னைக் காப்பாற்றவேண்டாம். அவள் அடுத்த நாளுக்கான சட்டையை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள். கல்லுமாதிரி இருக்கிற பிள்ளை, யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை.

முக்கால் மணித்தியாலத்தில் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீதிக்கு இறங்கும்வரை பொறுத்தேன்.

"கேட்டவையோ?"

"ஓம். அதைத்தான் முதலே கேட்டவை."

"என்ன சொன்னனீ?"

"அம்மா எழுதினவா எண்டன். முதல் தெரியாது எண்டு சொன்னவா, பிறகு தானாப் போய்ச் சொன்னவா எண்டன்."

"தெரியாது எண்டு சொன்னதையும் சொன்னனியோ?"

"அதையும் சொன்னாத்தானே அம்மா மற்றது விளங்கும்."

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. பஸ் தரிப்பில் நின்றபோது அவள் என் சால்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டில் மீன் இல்லை என்று அலுத்துக்கொண்டாள்.

ஊர் மட்டத்தில் ஆம் என்று மார்கழியில் கடிதம் வந்தது. இனிக் கன்டோன் என்கிற மாகாணமும் தலைநகர் பேர்னும் இருக்கின்றன. அங்கே கோப்பு நிற்காது என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கணவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் தரமும் வாசித்தார்.

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்துநாலு வருடம். குடியுரிமைக்கு ஒரு தடவையும் விண்ணப்பித்ததில்லை. மொழி காணாது, நேரம் இல்லை, இருக்கிற அனுமதி போதும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். உண்மை அதுவல்ல. ஐந்து பேருக்கு முன்னால் இருந்து என்னைப் பற்றிக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லப் பயம். மதுராவின் கடிதம் வந்த கிழமை நானும் படிவம் எடுத்துவந்தேன்.

மூன்றாவது பக்கத்தில், பொலிசோடு ஏதாவது விடயத்தில் தொடர்பு ஏற்பட்டதுண்டா என்று கேட்டு இரண்டு கட்டம் இருந்தது. ஆம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். விபரம் எழுத அதன் கீழே மூன்று வரி விட்டிருந்தார்கள். மூன்று வரி எனக்குப் போதவில்லை. அலுவலகத்துக்குப் போய், இன்னொரு தாள் சேர்க்கலாமா என்று கேட்டேன். சேர்க்கலாம், ஒவ்வொரு தாளின் அடியிலும் உங்கள் பெயரையும் கையொப்பத்தையும் வையுங்கள் என்றார் அந்த இளைஞர்.

நாலு தாள் வந்தது. நாலிலும் பெயரும் கையொப்பமும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.